பழைய பாக்கியைக் கணினியில் ஏற்றும்போது

நோட்டுக் கணக்கை மார்ச் 31-ல் முடித்துவிட்டு ஏப்ரல் முதல் டாலி போன்ற மென்பொருளுக்கு மாறும்போது, சரக்கு இருப்பையும் ரொக்க இருப்பையும் நாம் கவனமாக எண்ணி ஏற்றுகிறோம். மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை மட்டும் பார்ட்டிக்கு ஒரு தொகையாகப் போட்டு முடித்துவிடுகிறோம். ஐந்தொகை சரியாகவே வரும். தொல்லை சில மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஓர் எண்ணெய் மண்டிக்கு 31-3-2025 அன்று நம் பேரேட்டில் ரூ.1,55,400 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 3-12-2024 பில் ரூ.63,000, 18-2-2025 பில் ரூ.42,000, 24-3-2025 பில் ரூ.52,500. ஒழுகிய டின்களுக்கு மண்டிக்காரர் கொடுத்த கிரெடிட் நோட்டு ரூ.2,100 இன்னும் கழியவில்லை. கணினியில் இந்த நான்கும் தனித்தனியே, அதனதன் தேதியுடன் ஏற வேண்டும். பில்கள் வரவுப் பக்கம், கிரெடிட் நோட்டு பற்றுப் பக்கம்.

தேதி ஏன் முக்கியம்? டிசம்பர் பில்லில் ரூ.3,000 ஜி.எஸ்.டி. அடங்கியுள்ளது. அந்த உள்ளீட்டு வரியை நாம் எடுத்துவிட்டோம். பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் மண்டிக்குப் பணம் கொடுக்காவிட்டால் அதைத் திருப்ப வேண்டும். பயன்படுத்தியிருந்தால் வட்டியும் சேரும். பணம் கொடுத்தபின் வரியை மறுபடி எடுக்கலாம், வட்டி திரும்பாது. இந்தப் பில்லுக்குக் கெடு 1-6-2025. முழுப் பாக்கியையும் 1-4-2025 தேதியில் போட்டிருந்தால், செப்டம்பர் 28 வரை அவகாசம் இருப்பதுபோலத் தோன்றும். காம்போசிஷன் முறையில் வரி கட்டுவோருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் எந்தப் பில்லுக்குப் பணம் என்று மண்டிக்காரர் கேட்டால் அவர்களும் பதில் சொல்லியாக வேண்டுமே!

டாலியில் பார்ட்டியின் லெட்ஜரைச் 'சன்ட்ரி கிரெடிட்டார்ஸ்' குழுவில் திறந்து, 'பில்-பை-பில்' என்ற இடத்தில் 'யெஸ்' கொடுத்த பிறகே ஆரம்ப இருப்பைப் போட வேண்டும். பார்ட்டிகள் அதிகமென்றால், 2023-ல் வந்த டாலி பிரைம் 4.0 முதல் எக்செல் தாளிலிருந்தே ஏற்றலாம். இங்கேதான் ஏமாறுகிறோம். எக்செல் மாதத்தை முதலில் படிக்கும்படி அமைந்திருந்தால் 3-12-2024 என்பது மார்ச் 12 ஆகி, பில் ஒன்பது மாதம் பழையதாகிவிடும். 0457 என்ற பில் எண் 457 ஆகிவிடும். எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று முதலிலேயே மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்வது நல்லது.

பழைய பில்லை மறுபடி கொள்முதலாகப் பதியவே கூடாது. கொள்முதலும் வரியும் இரட்டிப்பாகும். குறிப்பேட்டுப் பதிவாகத்தான் ஏற்ற முடியும் என்கிற மென்பொருளில், 'ஆரம்ப இருப்பு ஈடு' என்று ஒரு கணக்கைத் திறந்து அதில் பற்று வைத்து, பார்ட்டிக்கு வரவு வைக்கலாம். சரக்கு, ரொக்கம், வர வேண்டிய பாக்கி, முதல் எல்லாம் ஏறி முடிந்ததும் அந்தக் கணக்கு பூஜ்யமாக வேண்டும். டாலி இந்த வித்தியாசத்தைத் தானே காட்டும். அதை முதல் கணக்கில் தள்ளி மறைக்காமல், எந்தப் பில் விட்டுப்போனது என்று தேட வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பார்ட்டியிடமும் மார்ச் 31 வரையான கணக்குத் தாளை வாங்கி ஒப்பிடுவோம். பிறகு கோப்பின் நகலில் ஒரே ஒரு பார்ட்டியை மட்டும் ஏற்றிப் பார்த்து, சரியாக வந்தால் மற்றவர்களை ஏற்றலாம்.