பாஸ்போர்ட்டுக்கு முன்னால் பெயர்

காஞ்சிபுரத்துக்காரர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முதலில் தடுமாறுவது சொந்த ஊர்ப் பெயரில்தான். ஒரு சான்றிதழில் நடுவே ஆங்கில ‘ஐ’ ஒன்று இருக்கும், இன்னொன்றில் ‘ஈ’ இரண்டு இருக்கும். தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்தால் ‘கான்ஜீவரம்’.

அடுத்தது ஆள் பெயர். வரதராஜன், ஏகாம்பரம், காமாட்சி என்று கோயிலில் இருக்கும் சாமி பெயரையே வீட்டிலும் வைக்கிற ஊர் இது. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகவேண்டிய ஒரு காமாட்சி அம்மாவுக்கு நான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். ஆதாரில் அவர் பெயர் ‘டி-சி-எச்’ போட்ட காமாட்சி, வாக்காளர் அட்டையில் ‘கே-எஸ்-எச்’ போட்ட காமாட்சி, வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர் பின்னால் ஒட்டிய காமாட்சி. மூன்றும் அவரே என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அலுவலகத்துக்குத் தெரிவது காகிதம் மட்டும்தான். அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

அதனால் முதல் வேலை, இருக்கிற எல்லாச் சான்றுகளையும் ஒரு பாயில் பரப்புவது. ஆதார், பான், வாக்காளர் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எது மாறுகிறதோ அதைத் திருத்திய பிறகே பாஸ்போர்ட் பக்கம் போங்கள். பாவில் அறுந்த இழையை அப்போதே பிணைத்துவிட வேண்டும், நெய்து சுருட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்பது தறிக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இனிஷியல்தான் நம் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஓரிடம், குடும்பப் பெயருக்கு ஓரிடம். குடும்பப் பெயரைக் காலியாக விடவும் அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்க விசாவில் அப்படி விட்டவர்களின் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று, அதாவது பெயர் தெரியவில்லை என்று அச்சாகும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் தந்தார்கள். என் யோசனை இது: இனிஷியலை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதிவிடுங்கள். வெளிநாட்டில் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதற்கு மனத்தைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

இனி விண்ணப்பம். அரசின் பாஸ்போர்ட் சேவா இணையதளம் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். அப்படி முடியாத தளத்தில் பணம் கட்டாதீர்கள், போலிகள் நிறைய. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் மேலும் 2,000. பணம் கட்டியதும் தாம்பரம் போல உங்களுக்கு வசதியான மையத்தில் தேதி எடுக்கலாம். அசல் சான்றுகள் கட்டாயம். புகைப்படமும் கைரேகையும் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள். பட்டுத் தறியில் கோர்வைக்கு உட்காரப்போய் எட்டாவதோடு பள்ளியை விட்டவர்கள் இங்கே ஏராளம். சின்ன வயதிலேயே வேத பாடசாலைக்குப் போனவர்களும் உண்டு. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ‘இசிஆர்’ குறிப்பு வரும். அவர் மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும். சுற்றிப் பார்க்கப் போவதற்கு அது தேவையில்லை. 50 வயது கடந்தவர்களுக்கும் வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. இந்த அனுமதியைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். முகவர் காட்டிய சம்பளமும் ஒப்பந்தத்தில் உள்ள சம்பளமும் ஒன்றா என்று தெரிந்துகொள்ள அதுவே வாய்ப்பு.

பிறகு சிவகாஞ்சியோ விஷ்ணுகாஞ்சியோ, உங்கள் எல்லைக் காவல் நிலையத்திலிருந்து விசாரணை வரும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

பாஸ்போர்ட் நம் அரசு தருவது, விசா போகிற நாடு தருவது. பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாத ஆயுளாவது எதிர்பார்க்கும். விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கத்தை உள்ளபடி சொல்லுங்கள். தீபாவளிக் கண்காட்சியில் விற்க இருபது பட்டுப்புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சுற்றுலா விசாவில் போவது தவறு, மாட்டினால் சரக்கும் போகும், அடுத்த விசாவும் போகும். காட்சிக்கு மட்டும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதானால், அதை ஏற்கிற நாடுகளுக்கு ‘ஏடிஏ கார்னே’ என்ற சுங்க ஆவணம் உண்டு, இந்தியாவில் ஃபிக்கி தருகிறது. அமெரிக்கக் கோயிலுக்கு அர்ச்சகராகப் போகிறவருக்கு ‘ஆர்-1’ விசா. அதற்கு முதலில் மனுப் போடவேண்டியது அவரை அழைக்கிற கோயில்.

காமாட்சி அம்மா போன்றவர்களுக்கு ஒன்று. அமெரிக்க விசாவில் பத்து வருடம் என்று இருந்தால் பத்து வருடம் தங்கலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அங்குள்ள குடிவரவு அதிகாரி குறித்துத் தருகிற தேதிதான் கணக்கு. அதைத் தாண்டி ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வந்த அன்றே உறையைப் பிரித்து, பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் நான்கையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுங்கள். பிழை இருந்தால் விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே திருத்தக் கொடுங்கள்.