கல்லாப்பெட்டிக்கு அருகே கெளுத்தி மீன்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு



சரக்கு வாங்கும்போது நாம் அன்றைய விலையை மட்டும் பார்ப்பதில்லை. இருப்பு வைக்க இடம் உண்டா, எத்தனை நாள் தாங்கும், விற்காமல் நின்றால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்த பிறகே பணத்தை எடுக்கிறோம். ஆனால் கடைக்கு அழகாக இருக்கட்டும், குழந்தைகள் பார்த்து மகிழட்டும் என்று மீன் தொட்டி வைக்கும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்து விடுகிறோம்.

அவிநாசி சாலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 3 அடித் தொட்டி ஒன்றை வாங்கி, இரண்டு அங்குல நீளத்தில் இரண்டு ‘ஷார்க்’ மீன்களை விட்டார். “தொட்டிக்குத் தகுந்த மாதிரிதானுங்க வளரும்” என்று விற்றவர் சொன்னாராம். ஒன்றரை ஆண்டில் இரண்டும் ஓர் அடியைத் தாண்டி விட்டன. ஆள் நடமாட்டத்தைக் கண்டு மிரண்டு கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக் கொண்டன. ஒரு நாள் நண்பர் என்னிடம், “அண்ணா, இதுகளை இனி வெச்சுக்க முடியாதுங்க. ராத்திரியில நஞ்சராயன் குளத்துல கொண்டு போயி விட்டுறலாங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. ‘ஷார்க்’ என்பது சுறா அல்ல

கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பங்கேசியஸ் என்னும் கெளுத்தி இனம். தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் நாடுகளின் பெரிய ஆறுகள் அதன் தாயகம். ஓட்டல்களில் ‘பாசா’ என்று முள்ளில்லாத துண்டாக வருவதும் பெரும்பாலும் இதே மீன்தான். முழு வளர்ச்சியில் 4 அடியைத் தாண்டும். 40 கிலோவுக்கு மேலும் எடை போடும்.

சிவப்பு வால் கெளுத்தி அமேசான் ஆற்று மீன். அதுவும் 4 அடி வரை வளரும். பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் ‘சக்கர்’ ஒன்றரை அடி வரை வளரும். நம் ஆற்று வாளையும் கெளுத்தி இனம்தான். அது 3 அடிக்கு மேல் வளர்ந்து, உடன் இருக்கும் மீன்களை விழுங்கி விடும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே நம் நாட்டில் தடை இருக்கிறது.

‘தொட்டிக்குத் தகுந்தபடி வளரும்’ என்பது உண்மையல்ல. சிறிய தொட்டியில் வளர்ச்சி குன்றும் மீன், கெட்ட நீரால் நலிந்து போன மீன். அது அளவாக வளர்ந்த மீன் ஆகாது.

2. ‘குளிர் தாங்கும்’ என்ற தகுதி நமக்குத் தேவையா?

வட அமெரிக்காவின் சேனல் கெளுத்தி, ஐரோப்பாவின் வெல்ஸ் கெளுத்தி ஆகியவை உறைபனிக் காலத்தையும் தாங்குபவை. ஹீட்டர் வேண்டாம் என்பதால் மேலை நாடுகளில் இவற்றை விரும்புவோர் உண்டு. ஆனால் சேனல் கெளுத்தியில் 58 பவுண்டு, அதாவது 26 கிலோ எடையுள்ள மீன் 1964இல் அமெரிக்காவில் பிடிபட்டது. வெல்ஸ் கெளுத்தியில் 2 மீட்டர் 85 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் 2023இல் இத்தாலியின் போ ஆற்றில் பிடிபட்டது. இவை வீட்டுத் தொட்டிக்கு உரியவையா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

குளிர் தாங்கும் குணம் ஊட்டியில் கடை வைத்திருப்பவருக்குப் பயன்படலாம். திருப்பூரில் நமக்குச் சோதனை வெயில்தான். ஒரு லிட்டர் நீர் 10 டிகிரி வெப்பத்தில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக் கொள்ளும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். நீர் சூடாகும்போது மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது. நீரில் இருக்கும் காற்றோ குறைகிறது. சித்திரை வெயிலில், தகர ஷீட் போட்ட கடையில், பகலில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு ஏற்பட்டால் முதலில் திணறுவது பெரிய மீன்தான். ஆகவே ஹீட்டரைவிட, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் நமக்கு முக்கியம்.

3. எடைக் கணக்கு

ஒரு கன அடி நீர் சுமார் 28 லிட்டர். அதாவது 28 கிலோ. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி 9 கன அடி. நீர் மட்டுமே 250 கிலோவுக்கு மேல் வரும். 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்தை ஒரே ஸ்டாண்டில் அடுக்குவதற்கு இது சமம். கண்ணாடி, மணல், கல் தனி.

மூன்று அடி மீன் தாராளமாகத் திரும்ப வேண்டுமானால் 12 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரமாவது வேண்டும். அது 144 கன அடி. நான்கு டன் நீர். கடையின் பாதி இடம் மீனுக்கே போய்விடும்.

4. நம் கடைக்கே உரிய ஆபத்துகள்

பவானி ஆற்றுக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அதை ஒரு நாள் காற்று ஓட விட்டு வைத்து, அல்லது குளோரின் நீக்கும் மருந்து கலந்து பயன்படுத்த வேண்டும். நம் பகுதி ஆழ்குழாய் நீரில் பல இடங்களில் உப்பு அதிகம். எந்த நீரானாலும் திடீரென்று மாற்றாமல், வாரம் ஒருமுறை கால் பங்கு மட்டும் மாற்றுக.

புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சாகும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன்களும் தீனியும் குறைவாகவே இருக்க வேண்டும்.

நாம் விற்கும் பூச்சி மருந்தும் கொசு மருந்தும் மீனுக்குக் கொடிய நஞ்சு. காற்று மோட்டார் கடைக் காற்றையே இழுத்து நீருக்குள் செலுத்துகிறது என்பதை மறக்கக் கூடாது. மருந்து அடிக்கும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தி, தொட்டியை மூடி, வாடை போன பிறகு திறக்க வேண்டும். வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைகள் பொரியும் பிஸ்கட்டும் போடுவதையும் அன்பாகத் தடுத்து விடுங்கள்.

5. குளத்தில் விடலாமா?

கூடவே கூடாது. நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. நம் ஊருக்குக் கிடைத்த பெருமை அது. அங்கே அயல்நாட்டு மீனை விட்டால் நாட்டு மீன்களின் இரையும் இடமும் பறிபோகும். சக்கர் மீன் கரையில் வளை தோண்டும். அதன் மேல் கவசமும் முள்ளும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவில் அதை விழுங்கப் பார்த்த கூழைக்கடாக்கள் தொண்டையில் சிக்கி இறந்திருக்கின்றன. நம் குளத்துக்கும் கூழைக்கடா வருகிறது. வாய்க்கால், கிணறு, நொய்யல் ஆறு எதற்கும் இதே விதிதான்.

வளர்க்க முடியாத மீனை விற்ற கடையிலேயே திருப்பி எடுத்துக் கொள்ளக் கேளுங்கள். அல்லது ஆற்றோடு தொடர்பில்லாத பெரிய சிமெண்ட் தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். நண்பரும் அப்படித்தான் செய்தார்.

6. எதை வாங்கலாம்?

கெளுத்தி ஆசை இருந்தால் சிறிய வகைகள் உண்டு. கோரிடோராஸ் இரண்டு, மூன்று அங்குலம்தான். ஆறாகச் சேர்த்து வளர்த்தால் அடிமணலைக் கிளறிக்கொண்டு அமைதியாக இருக்கும்.  பாசி தின்ன மீன் வேண்டுமென்றால், ஐந்து அங்குலத்தோடு நிற்கும் பிரிசில்நோஸ் போதும்.

இன்று நண்பரின் தொட்டியில் ஆறு கோரிடோராஸ் ஓடுகின்றன. அவர் இப்போது மீன் கடையில் முதலில் கேட்பது விலையை அல்ல, “இது முழுசா வளந்தா எவ்வளவு நீளமுங்க?” என்பதைத்தான். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்பவரிடம் மட்டுமே வாங்குகிறார். நிறை குறையாமல் நிறுத்துக் கொடுக்கும் நாம், பிறரிடமும் அதே நேர்மையை எதிர்பார்ப்பதில் தவறில்லை.