லேசர் மீட்டர் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!



மூணாம் வருஷ இன்டெர்ன்ஷிப். ஒரு அபார்ட்மென்ட் சைட். கிச்சன் மேடைக்கு அளவெடுக்க கிரானைட் அண்ணன் டேப்பை எடுத்தார். "டேப் எதுக்குண்ணே, என்கிட்ட லேசர் இருக்கு"ன்னு நான் பந்தாவா ஒரு பட்டனை அமுக்கி அளவு சொன்னேன். கல்லை வெட்டி வெச்சுப் பார்த்தா நாலு இன்ச்சுக்கு மேல குறையுது! சைட் இன்ஜினியர் அண்ணனைத்தான் திட்டினார். கல்லுக்கான காசை அவர் கூலியில பிடிப்பேன்னும் சொன்னார். நான் வாயே திறக்கல.

சாயங்காலம்தான் திரையின் மூலையில் இருந்த சின்னக் குறியைக் கவனிச்சேன். கருவி தன் முன் விளிம்பிலிருந்து அளக்கிற மாதிரி செட் ஆகியிருந்தது. நானோ பின் விளிம்பைச் சுவரில் வெச்சு அளந்திருக்கேன். கருவியோட சொந்த நீளம், சுமார் 11 செ.மீ., கணக்கில் விட்டுப்போச்சு. மறுநாள் காலையில் இன்ஜினியர்கிட்ட உண்மையைச் சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், ஆனா அண்ணன் கூலி தப்பிச்சது.

அதனால, வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க.

எங்கிருந்து அளக்குது? முன் விளிம்பா, பின் விளிம்பா என்பதைத் திரை பெருசா, தெளிவா காட்டணும். என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் தகுதி.

தூரமா, துல்லியமா? பெட்டியில் 40 மீட்டர், 100 மீட்டர்னு பெருசா போட்டிருப்பாங்க. வீட்டு அறைகள் பெரும்பாலும் 3 முதல் 6 மீட்டர்தான். அதுக்கு 40 மீட்டரே தாராளம். பக்கத்தில் சின்னதா இருக்கும் ±2 மி.மீ. மாதிரியான எண்ணைத்தான் முதல்ல தேடணும். வெட்டவெளியில் மத்தியான வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. வெளிவேலை அதிகம்னா கேமரா உள்ள மாடல் பாருங்க.

எதில் பட்டுத் திரும்புது? ஒளி 1 மீட்டர் போக சுமார் 3.3 நானோ செகண்ட்தான் ஆகும். 1 மி.மீ. வித்தியாசத்தை நேரத்தை வெச்சுப் பிடிக்கணும்னா கிட்டத்தட்ட 7 பிக்கோ செகண்டை அளக்கணும்! அதனால கையடக்கக் கருவிகளில் பலதும், அனுப்பின ஒளி அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் உள்ள கட்ட வித்தியாசத்தை வெச்சுத் தூரத்தைக் கணக்குப் போடுது. ஒளி ஒழுங்கா திரும்பி வந்தால்தான் இது நடக்கும். கண்ணாடி, பாலிஷ் போட்ட கிரானைட் இதிலெல்லாம் ஏமாத்தும். ஒரு வெள்ளை அட்டையை வெச்சு அளங்க.

சாய்வு: 10 மீட்டர் தூரத்தில் 2 டிகிரி சாய்ஞ்சு பிடிச்சாலே 6 மி.மீ. கூடுதலா காட்டும். குமிழ் மட்டமோ சாய்வு சென்சாரோ இருந்தா நல்லது.

அடியும் இன்ச்சும்: டிராயிங் மி.மீ.ல இருக்கும், மேஸ்திரி அடிக்கணக்கில் கேட்பார். திரையில் 10.5 அடின்னு வந்தா அது 10 அடி 6 இன்ச். அதை "பத்தடி அஞ்சு இன்ச்"னு சொல்லிட்டா அங்கேயே ஒரு இன்ச் போச்சு. அடி, இன்ச் தனித்தனியா காட்டுற கருவியா பாருங்க.

தூசி, தண்ணி: சிமென்ட் தூசியில் கிடக்கப் போற கருவி. குறைஞ்சது ஐபி54 இருக்கட்டும். இவை பெரும்பாலும் கிளாஸ் 2 லேசர். கண்ணுக்கு நேரா அடிச்சு விளையாடாதீங்க.

கடையிலேயே ஒரு டெஸ்ட் செய்யலாம். நேர்கோட்டில் ஏ, பி, சி என மூணு புள்ளி வெச்சுக்கங்க. ஏ-பி, பி-சி இரண்டையும் அளந்து கூட்டுங்க. அப்புறம் ஏ-சியை ஒரே மூச்சில் அளங்க. கருவியில் நிலையான பிழை இருந்தா, கூட்டலில் அது இரண்டு தடவை வரும், நேரடி அளவில் ஒரு தடவைதான் வரும். ஆக, வித்தியாசம்தான் அந்தப் பிழை. 2, 3 மி.மீ.க்குள் இருந்தா கவலையில்லை. சென்டிமீட்டர் கணக்கில் வந்தா முதல்ல செட்டிங்கைப் பாருங்க. அப்பவும் சரியாகலன்னா வேற கருவி கேளுங்க.

கடைசியா ஒண்ணு. எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும், தினமும் முதல் அளவை டேப்போட ஒத்துப் பாருங்க. நாம சொல்ற எண்ணை நம்பித்தான் ஒருத்தர் கல்லை வெட்டுறார். எண் தப்பானா முதல்ல அடி வாங்குறது அவர் கூலிதான்.