கோல் அடிக்காதவரும் பாயின்ட் தருவார்: எஃப்பிஎல் அணிக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கடலூரிலும் சிதம்பரத்திலும் வார இறுதி வந்தால் ஃபேன்டசி பிரீமியர் லீக் அணியைத் திருத்த உட்காரும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். எஃப்பிஎல் என்று நாம் சொல்லும் இந்த ஆட்டத்தில் கையில் இருப்பது 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம். அதில் 15 பேரை வாங்க வேண்டும். ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. பெரும்பாலோர் ஹாலண்ட், சாலா, சாகா என்று கோல் அடிப்பவர்களிடம் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் பின்வரிசைக்குக் கிடைத்தவர்களைப் போடுகிறார்கள். பல ஆண்டுகள் அது ஓரளவு சரியாகவும் இருந்தது.

2025-26 சீசனில் விதி மாறியது. பந்தைத் தடுப்பவருக்கும் மீட்பவருக்கும் தனியாக பாயின்ட் உண்டு என்றானது. இனி மலிவு விலை ஸ்டாப்பரும், கோல் பக்கமே போகாத மிட்ஃபீல்டரும் அணியைத் தாங்க முடியும். அவர்களைக் கண்டுபிடிக்க ஸ்கோர் மட்டும் போதாது, ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் கணக்கு

• 60 நிமிடமோ அதற்கு மேலோ ஆடினால் 2 பாயின்ட். அதற்குக் குறைந்தால் 1.
• டிஃபென்டர் ஒரே ஆட்டத்தில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் நான்கும் சேர்த்து 10 தொட்டால் 2 பாயின்ட்.
• மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வேர்டுக்கும் இலக்கு 12. ஆனால் தளர்ந்து கிடக்கும் பந்தை மீட்கும் ரெகவரியும் அவர்கள் கணக்கில் சேரும்.
• கிளீன் ஷீட் என்றால் கோலிக்கும் டிஃபென்டருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1.
• கோலிக்கு 3 சேவுக்கு 1 பாயின்ட். பெனால்டியைத் தடுத்தால் 5.
• ஆட்டத்தின் சிறந்த மூவருக்கு போனஸ் 3, 2, 1.
• கழிவுகள்: அணி வாங்கும் ஒவ்வொரு இரண்டு கோலுக்கும் கோலி, டிஃபென்டருக்கு 1, மஞ்சள் அட்டைக்கு 1, சிவப்புக்கு 3, சேம் சைடு கோலுக்கு 2.

செய்ய வேண்டியவை

1. சராசரியைப் பார்க்காமல், இலக்கைத் தொட்ட ஆட்டங்களை எண்ணுங்கள். ஒரு டிஃபென்டர் நான்கு ஆட்டங்களில் 9, 9, 9, 9 எடுத்தால் சராசரி 9, கிடைத்த பாயின்ட் பூஜ்யம். இன்னொருவர் 13, 4, 12, 5 எடுத்தால் சராசரி எட்டரைதான், ஆனால் 4 பாயின்ட் வந்துவிட்டது. இந்த விதியில் ஒன்று குறைந்தாலும் ஒன்றுமில்லை. கடைசி எட்டு, பத்து ஆட்டங்களை எடுத்துக்கொண்டு எத்தனை முறை கோட்டைத் தாண்டினார் என்று மட்டும் பாருங்கள்.

2. பின்னால் நின்று தடுக்கும் அணியின் ஸ்டாப்பரைத் தேடுங்கள். பந்தைத் தன்னிடமே வைத்திருக்கும் பெரிய அணியின் டிஃபென்டருக்குத் தடுக்கும் வேலை குறைவு. கீழே இறங்கி நின்று, உயரப் பந்துகளைத் தலையால் வெளியேற்றும் அணியின் ஸ்டாப்பருக்கு வேலை ஓயாது. எவர்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி இந்த வகைக்கு நல்ல அடையாளம். கணக்கையும் போட்டுப் பாருங்கள்: அவரைப் போன்ற ஒருவர் 0-2 என்று தோற்ற ஆட்டத்தில் 10 தொட்டால் 2 + 2 − 1 = 3. ஒரு கோல் வாங்கிய பெரிய அணியின் விங் பேக், பாஸ் போட்டுக்கொண்டே இருந்தாலும் 2-உடன் நிற்கலாம். கிளீன் ஷீட்டும் சேர்ந்துவிட்டால் அந்த ஸ்டாப்பருக்கு 2 + 4 + 2 = 8, போனஸ் தனி.

3. நடுக்களத்தில் இரண்டு வேலை பார்ப்பவரை எடுங்கள். அர்செனலின் டெக்லன் ரைஸ் பந்தை மீட்பார். கார்னரும் ஃப்ரீ கிக்கும் எடுப்பார். தடுப்பில் 2 வராத வாரம் வேறு வழியில் பாயின்ட் வர வாய்ப்பு உண்டு. வெறும் மீட்பு வேலை செய்பவரையும் குறைத்து எண்ண வேண்டாம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் நடுக்களத்தில் எலியட் ஆண்டர்சன் செய்த வேலை இந்த விதிக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தியது. ஒரு மிட்ஃபீல்டர் 38 ஆட்டங்களில் பாதியில் 12 தொட்டாலே 38 பாயின்ட். கோல் அடித்து அதை ஈட்ட ஏழு கோலுக்கு மேல் வேண்டும்.

4. எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று பாருங்கள். களத்தில் எங்கே நின்றாலும், எஃப்பிஎல் எந்தப் பிரிவில் போட்டிருக்கிறதோ அந்தக் கணக்குதான். டிஃபென்டர் பட்டியலில் இருப்பவர் நடுக்களத்தில் ஆடினால் அவருடைய ரெகவரிகள் வீணாகும். மிட்ஃபீல்டர் பட்டியலில் இருப்பவர் பின்வரிசையில் ஆடினால் இலக்கு 12 ஆகவே இருக்கும். கிளீன் ஷீட்டுக்கும் 1 மட்டுமே.

5. 90 நிமிடமும் ஆடுபவரைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கை சேர நேரம் வேண்டும். அணி முன்னிலை பெற்று, எதிரணி பந்தை உள்ளே தூக்கித் தூக்கிப் போடும் கடைசி இருபது நிமிடத்தில்தான் கிளியரன்ஸ் குவியும். 65-ஆம் நிமிடத்தில் மாற்றப்படுபவர் அதை இழக்கிறார்.

6. போனஸுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். போனஸ் கணக்கு கோலோடு நிற்பதில்லை. இரண்டு கிளியரன்ஸ், பிளாக் அல்லது இன்டர்செப்ஷனுக்கு ஒரு மதிப்பு சேரும். மூன்று ரெகவரிக்கு ஒன்று. குறைந்தது 30 பாஸ் போட்டு, அதில் பத்துக்கு ஒன்பது சரியாகப் போனால் 6. பிழைகளும் கழியும்: ஃபவுலுக்கு 1, கோலுக்கு வெளியே போகும் ஷாட்டுக்கு 1, பெரிய வாய்ப்பைத் தவறவிட்டால் 3, மஞ்சள் அட்டைக்கு 3. அதனால்தான் 1-0 ஆட்டத்தில் ஒரு நிதானமான ஸ்டாப்பர் ஃபார்வேர்டுகளை முந்திக்கொண்டு போனஸ் வாங்குகிறார்.

7. பயிற்சியாளர் மாறினால் கணக்கைப் புதிதாகத் தொடங்குங்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2025 செப்டம்பரில் நூனோவை நீக்கியது. அடுத்து வந்த ஆஞ்சி போஸ்டிகோக்லூ 39 நாளில் போனார். அக்டோபரிலேயே ஷான் டைச் வந்தார். போஸ்டிகோக்லூ பின்வரிசையை மேலே ஏற்றி ஆடச் சொல்பவர். டைச் அணியைக் கீழே இறக்கிக் கட்டுக்கோப்பாக நிற்க வைப்பவர். இரண்டிலும் ஒரே ஸ்டாப்பரின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

8. நேரத்தை நம்ம ஊர் கடிகாரத்தில் குறித்து வையுங்கள். கேம்வீக்கின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு அணி பூட்டப்படும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12.30 ஆட்டம் முதலில் வந்தால், கோடைக்காலக் கணக்கில் நமக்குப் பிற்பகல் 3.30, அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு மாலை 4.30. வெள்ளி இரவு ஆட்டம் முதலில் வந்தால் நமக்கு இரவு 11 மணி, குளிர்காலத்தில் நள்ளிரவு. இதை மறந்தவர்கள் சொந்த லீக்கில் பின்தங்குகிறார்கள்.

9. மழைக்காலத்தில் அணியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பிரீமியர் லீக்கில் ஆட்டங்கள் நெருக்கமாக வரும் டிசம்பர்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் புயலும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டம் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் வீட்டைப் பாருங்கள். அணி இரண்டு நாள் முன்பே தயாராக இருக்கட்டும். பெஞ்சில் நிச்சயம் ஆடும் ஒரு மலிவு ஸ்டாப்பர் இருக்கட்டும். நீங்கள் தொடாவிட்டாலும், களமிறங்காத வீரருக்குப் பதில் அவர் தானாகவே உள்ளே வருவார்.

10. உள்ளூர் மைதானத்தில் கண்ணைப் பழக்குங்கள். மஞ்சக்குப்பம் மைதானத்திலோ அண்ணா விளையாட்டரங்கத்திலோ, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்திலோ ஆட்டம் நடந்தால் ஒரு நோட்டோடு போங்கள். பந்தின் பின்னால் போகாமல் ஒரே ஒரு ஸ்டாப்பரை முழு ஆட்டமும் பாருங்கள். ஒவ்வொரு கிளியரன்ஸுக்கும் டேக்கிளுக்கும் ஒரு கோடு போடுங்கள். பத்து என்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்று அன்றைக்குத் தெரியும்.

கடலூருக்கு இதில் உரிமையும் உண்டு. இந்த மாவட்டம் இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு இந்துமதி கதிரேசன் என்ற மிட்ஃபீல்டரையும் சந்தியா ரங்கநாதன் என்ற ஃபார்வேர்டையும் தந்திருக்கிறது. 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு பெண்கள் தேசிய சீனியர் சாம்பியன் ஆனார்கள். 2023-இல் மீண்டும் வென்றார்கள். மணிப்பூர் போன்ற அணிக்கு எதிராக ஒரு கோல் முன்னிலையைக் கடைசி விசில் வரை காப்பது பின்வரிசையும் நடுக்களமும் சேர்ந்து செய்யும் வேலை. அந்த வேலைக்கு மதிப்பு கொடுக்கும் கண் நமக்கு வேண்டும்.

செய்யக்கூடாதவை

1. தடுப்புப் பாயின்ட் இரட்டிப்பாகும் என்று எண்ணாதீர்கள். ஒரே ஆட்டத்தில் 10 எடுத்தாலும் 20 எடுத்தாலும் அதே 2 பாயின்ட்தான். ஒருநாள் 19 எடுத்தார் என்ற செய்திக்காக ஒருவரை வாங்க வேண்டாம்.

2. தடுப்பவரை கேப்டன் ஆக்காதீர்கள். கேப்டனின் பாயின்ட் இரட்டிப்பாகும். அந்த இடம் ஒரே ஆட்டத்தில் 12, 15 எடுக்கக்கூடியவருக்கு உரியது. 2, 4 என்று வாராவாரம் சேர்ப்பவர் அணியின் அடித்தளத்துக்கு உரியவர்.

3. கோல் அடிப்பவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். 2024-25 சீசனில் முகமது சாலா 29 கோல், 18 அசிஸ்ட்டோடு 344 பாயின்ட் எடுத்தார். அது எஃப்பிஎல் சாதனை. எந்த ஸ்டாப்பரும் அதை ஈடுசெய்ய முடியாது. நாலரை, ஐந்து மில்லியனில் நல்ல தடுப்பாளர்களை எடுப்பதே அப்படிப்பட்டவர்களுக்குப் பணம் மிச்சப்படுத்தத்தான்.

4. அட்டைகளை மறக்காதீர்கள். டேக்கிளில் வாழும் மிட்ஃபீல்டருக்கு அட்டை எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். 2025 நவம்பர் 30 அன்று அர்செனலுக்கு எதிராக செல்சியின் மொய்சஸ் கைசேடோ முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார். கழிவு 3 என்பதோடு, அடுத்த ஆட்டங்களுக்கான தடையும் சேர்ந்தது. லீக்கின் முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து மஞ்சள் வாங்கினால் ஓர் ஆட்டம் தடை. நான்கில் நிற்பவரை வைத்திருந்தால் பெஞ்சைச் சரி பாருங்கள்.

5. சேவ் எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கோலியை எடுக்காதீர்கள். ஆறு சேவுக்கு 2 கிடைக்கும்; நான்கு கோல் வாங்கினால் அந்த 2-ம் போகும். கோலிக்குத் தடுப்புப் பாயின்ட்டும் கிடையாது. ஷாட் நிறைய வந்தாலும் கோல் குறைவாக வாங்கும் நடுத்தர அணியின் கோலியே நல்ல தேர்வு.

6. ஒரே கிளப்பின் பின்வரிசையை மொத்தமாக வாங்காதீர்கள். ஒரு மோசமான நாளில் மூவருக்கும் சேர்ந்து கழியும். தவிர, பக்கத்தில் நிற்கும் இரு ஸ்டாப்பர்களுக்கும் வருவது ஒரே பந்துகள்தான். ஒருவர் நிறைய எடுத்தால் மற்றவருக்குக் குறையும்.

7. ஒரு வாரம் தவறியதும் விற்காதீர்கள். கூடுதல் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 4 பாயின்ட் கழியும். ஒரு தடுப்பாளர் இரண்டு ஆட்டங்களில் இலக்கைத் தொட்டால்தான் அந்த 4 திரும்பும். பயன்படுத்தாத இலவச மாற்றங்கள் ஐந்து வரை சேரும். பொறுமைக்கு விதியிலேயே இடம் இருக்கிறது.

8. பணம் வைத்து ஆடாதீர்கள். எஃப்பிஎல் இலவசம், அது அப்படியே இருக்கட்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. ட்ரீம்11 போன்ற தளங்களே கட்டணப் போட்டிகளை நிறுத்தின. விடுதி நண்பர்களுக்குள் வாரத்துக்கு நூறு ரூபாய் பந்தயம் என்று தொடங்குவது வீட்டிலிருந்து வரும் மெஸ் காசில் கை வைப்பதில் போய் முடியும். காசு வாங்கிக்கொண்டு டிப்ஸ் தருகிறேன் என்பவர்களையும் கிட்டே சேர்க்காதீர்கள். இந்த எண்ணிக்கைகள் எல்லாம் எஃப்பிஎல் செயலியிலேயே கிடைக்கின்றன.

பூட்டுவதற்கு முன் ஐந்து கேள்விகள்

• இந்தத் தடுப்பாளர் கடைசிப் பத்து ஆட்டங்களில் எத்தனை முறை இலக்கைத் தொட்டார்?
• 90 நிமிடமும் ஆடுவாரா?
• எந்தப் பட்டியலில் இருக்கிறார், இலக்கு பத்தா பன்னிரண்டா?
• எத்தனை மஞ்சள் அட்டையில் நிற்கிறார்?
• அவர் ஆடியதைக் குறைந்தது ஓர் ஆட்டமாவது நான் முழுதாகப் பார்த்தேனா?

கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடிந்தால் முதல் நான்குக்கும் பாதி விடை கிடைத்துவிட்டது. ‘இல்லை’ என்றால், இந்த வாரம் அந்த ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் அவரை வாங்குங்கள்.