ரொனால்ட் ரொஸ் ஐயாவிடம் நாலு கேள்வி



ஆகஸ்ட் மாதம் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு லயத்துச் சனம் பஸ் பிடித்துப் போவது வழக்கம். முன்பெல்லாம் அந்தப் பக்கம் போனால் மலேரியாப் பயமும் கூடவே வரும். அந்த நோயின் வழியைக் கண்டறிந்தவர் ரொனால்ட் ரொஸ். அவர் நம் முன்னே வந்து உட்கார்ந்தால் என்ன கேட்போம்?

1. "எப்படிங்க ஐயா கண்டுபிடிச்சீங்க?"
இந்தியாவில் பிறந்த வெள்ளைக்கார டாக்டர் அவர். 1897 ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த நுளம்பின் வயிற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நோய்க்கிருமி அங்கே இருந்தது. 1902இல் நோபல் பரிசு கிடைத்தது.

2. "அது தெரிஞ்ச பிறகும் எங்க நாட்டுல ஏன் அத்தனை பேர் செத்தாங்க?"
1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாக நின்றன. அவற்றில் நுளம்பு பெருகியது. 1934-35இல் சுமார் 80,000 பேர் மாண்டனர். தெரிந்தால் மட்டும் போதாது, செய்யவும் வேண்டும்.

3. "இப்ப பயமில்லைதானே?"
2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. அதைப் பரப்புவது வேறு நுளம்பு. பகலில் கடிக்கும், சிரட்டை, டயர், பரலில் தேங்கும் தெளிந்த நீரில் பெருகும்.

4. "அப்ப நாங்க என்ன செய்யணும்?"
முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே வாரம் ஒரு தடவை தேங்கிய நீரைக் கொட்டுங்கள். பரலைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். திருவிழாவுக்குப் புறப்படும் முன்பும் லயத்தைச் சுற்றிப் பாருங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், "இன்னைக்குப் பேர் போயிடுமே" என்று மலைக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், எங்கே போய் வந்தோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளே! உங்கள் லயத்தில் நீர் தேங்கும் இடங்கள் எத்தனை? இன்றே எண்ணி அம்மாவிடம் காட்டுங்கள்.