எபோலாவை எதிர்த்து நின்ற மருத்துவர்

பத்தாம் வகுப்பு மாணவி

அன்பு பெரிதா, அறிவு பெரிதா என்று நாம் பட்டிமன்றங்களில் வாதிடுவதுண்டு. ஆப்பிரிக்க மருத்துவர் ழான் ழாக் முயெம்பே அவர்களின் பணிவாழ்வைப் படித்தால், ஒன்றை விட்டு மற்றொன்று நிற்காது என்பது நமக்கு விளங்கும்.

1942-ஆம் ஆண்டு காங்கோ நாட்டில் பிறந்த இவர், இயேசு சபைக் குருக்களின் பள்ளியில் பயின்றார். கின்ஷாசாவிலுள்ள லோவானியம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். பின்பு பெல்ஜியம் சென்று, லூவன் பல்கலைக்கழகத்தில் வைரஸ்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். வசதி மிகுந்த அந்நாட்டிலேயே தங்கிவிடாமல் தாய்நாடு திரும்பினார்.

1976-ஆம் ஆண்டு செப்டம்பரில் யம்புக்கு என்னும் சிற்றூரில் பெயர் தெரியாத காய்ச்சல் ஒன்று பரவியது. பெல்ஜிய நாட்டுக் கன்னியர் நடத்திய அவ்வூர் மருத்துவமனைக்கு இவர் அனுப்பப்பட்டார். நோயாளிகளின் கையிலிருந்து ஊசியை எடுத்த பின்னும் இரத்தம் வழிந்துகொண்டே இருந்தது. கையுறை அணியாத தம் விரல்களில் படிந்த இரத்தத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவினார். காய்ச்சலுற்ற அருட்சகோதரி ஒருவரைத் தலைநகருக்கு அழைத்து வந்தார். அவர் இறைவனடி சேர்ந்தார். பெல்ஜியத்துக்கு அனுப்பப்பட்ட அவருடைய இரத்தத்தில் புதியதொரு வைரஸ் காணப்பட்டது. அப்பகுதியில் ஓடும் ஆற்றின் பெயரால் அது 'எபோலா' எனப்பட்டது.

நோய் பரவிய காரணம் நம் நெஞ்சை வருத்துகிறது. அம்மருத்துவமனையில் காலைதோறும் ஐந்தே ஊசிக்குழல்கள் வழங்கப்பட்டன. ஒருவருக்குப் போட்டபின் வெந்நீரில் அலசி அடுத்தவருக்கும் அதையே போட்டார்கள். அங்கு அன்புக்குக் குறைவில்லை; ஊசிகளுக்கே குறைவு. அந்நோய் கண்ட 318 பேரில் 280 பேர் மாண்டனர். மருத்துவமனைப் பணியாளர் 17 பேரில் 11 பேர் உயிர் துறந்தனர்.

1995-இல் கிக்விட் நகரில் அந்நோய் மீண்டும் தோன்றியது. நோயாளருக்குப் பணிவிடை செய்த இத்தாலியக் கன்னியர் ஆறு பேர் அதற்குப் பலியாயினர். நோயிலிருந்து பிழைத்தவரின் இரத்தத்தில் அந்நோயை வெல்லும் எதிர்ப்பொருள் இருக்குமன்றோ? அந்த இரத்தத்தை முயெம்பே குழுவினர் எட்டு நோயாளிகளுக்குச் செலுத்தினர். எழுவர் பிழைத்தனர். ஆயினும் அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. எண்ணிக்கை சிறிது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவும் இல்லை.

அவர் மனம் தளரவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் இரத்தம் 2006-இல் மீண்டும் எடுக்கப்பட்டது. அதிலிருந்த எதிர்ப்பொருளைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளருடன் சேர்ந்து மருந்து உருவாக்கப்பட்டது. 2018, 2019-ஆம் ஆண்டுகளில் காங்கோவிலேயே நான்கு மருந்துகள் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. நோய் முற்றுமுன் வந்து இம்மருந்தைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர். 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. பிழைத்தவரின் இரத்தம் உயிர் காக்கும் என்ற அவர் எண்ணம் உறுதிபெற இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின!

அன்புள்ள தோழியரே! பிறர்க்குத் தொண்டு செய்ய விழைவோர் நம்மில் பலர் உண்டு. விருப்பம் மட்டும் போதாது. கற்றுத் தெளிந்த அறிவும் வேண்டும். அறிவியல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல், நாளை நம் கையை நம்பி வரப்போகும் ஓர் உயிருக்காகவும் படிப்போமாக!