பாட்டி காலத்துக் கொலு பொம்மைகளைக் கடல் கடந்து அனுப்ப

கொலு வைக்கும் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது: பரணில் இருக்கும் பாட்டி காலத்துப் பொம்மைகள் இனி யாரிடம் போகும்? மகள் நியூஜெர்சியில் படி கட்டிக் கொலு வைக்கிறாள். வீட்டுப் பொம்மைகள் வேண்டும் என்கிறாள். புதுப் பொம்மை உடைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம். பண்ருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் இன்றும் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன் ஒருவர் கையால் கண் எழுதிய அந்த முகம் திரும்பக் கிடைக்காது. அதை அனுப்புவதானால் கட்டும் முறையைத் தெரிந்துகொண்டு, அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

பெட்டி கீழே விழுந்துதான் பொம்மை உடைகிறது என்று நினைக்கிறோம். பெட்டிக்குள்ளேயே பொம்மை அசைவதும், கண்ணன் கைப் புல்லாங்குழல், முருகன் மயிலின் தோகை போன்ற நீட்டல்களின் மேல் எடை ஏறுவதும் அதைவிடப் பெரிய எதிரிகள். இனிச் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் தடுக்கத்தான்.

அனுப்பலாமா என்று முதலில் பாருங்கள்

1972ஆம் ஆண்டின் தொன்மைப் பொருட்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த சிற்பங்களையும் கைவினைப் பொருட்களையும் தனிமனிதர்கள் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. உங்கள் பொம்மை அவ்வளவு பழையது என்றால் அது இங்கேயே இருக்கட்டும். அவ்வளவு பழையதல்ல, ஆனால் பார்வைக்குப் பழசாகத் தெரிகிறது என்றால் சுங்கத்தில் கேள்வி வரலாம். இந்தியத் தொல்லியல் துறையிடம் பொம்மையைக் காட்டி, தொன்மைப் பொருள் அல்ல என்ற சான்றிதழை முன்பே வாங்கிவிடுங்கள்.

மரப்பாச்சி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய மரப்பாச்சிகள் பலவும் செம்மரத்தில் கடைந்தவை. செம்மரப் பொருட்களின் ஏற்றுமதிக்கு இங்கே கடும் கட்டுப்பாடு உண்டு. உரிய அனுமதி இல்லாமல் அதை மற்ற பொம்மைகளோடு பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அந்த ஒன்றால் பெட்டி முழுவதும் நின்றுபோகலாம்.

பொம்மையைப் படித்தல்

மண் பொம்மை கனமானது, மோதினால் தெறிக்கும். காகிதக்கூழ் பொம்மை எடை குறைந்தது; மோதலைத் தாங்கிக்கொள்ளும், ஈரத்தைத் தாங்காது. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் மண் பொம்மை காகிதக்கூழ் பொம்மையை நசுக்கிவிடும். ஆகவே தனித்தனிப் பெட்டி.

பிறகு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு பொம்மையையும் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத விரிசலும், பொரிந்து எழும்பி நிற்கும் வண்ணமும் அப்போது தெரியும். முன், பின், பக்கங்கள், அடிப்பாகம், ஏற்கெனவே உள்ள சேதம் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்துவிடுங்கள். இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

அனுப்புவதற்கு முன் அழகுபடுத்தலாம் என்று ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பழைய சாயங்களில் சில தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டினால் போதும். வண்ணம் பொரிந்த இடத்தில் அதுவும் வேண்டாம். புது வண்ணம் பூசுவது பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள். அந்தப் பழைய வண்ணத்துக்காகத்தானே இவ்வளவு பாடும்.

சுற்றுவது

பெரும்பாலோர் பொம்மையை எடுத்ததும் பபிள் ராப்பைச் சுற்றுகிறார்கள். பல நாள் வெயிலில் கிடக்கும் பெட்டிக்குள் வார்னிஷ் இளகும்; பபிள் ராப்பின் வட்டங்கள் சாமியின் முகத்தில் அப்படியே பதிந்துவிடும். செய்தித்தாளும் ஆகாது, மை ஒட்டும். வண்ணத்தைத் தொடும் முதல் அடுக்கு வெள்ளை டிஷ்யூ பேப்பராக இருக்கட்டும். அமிலமில்லாத தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. வண்ணம் உறுதியாக இருக்கும் பொம்மைக்குத் துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய மல் வேட்டித் துணி போதும். பொரிந்திருந்தால் துணி கூடாது. நூலிழை மாட்டி வண்ணத்தை உரித்துக்கொண்டு வரும்.

அடுத்து வருவதுதான் உயிரான வேலை. கழற்ற முடிந்தவற்றை, அதாவது வேல், குடை, தனியாகச் செருகிய கிரீடம் போன்றவற்றைக் கழற்றி, தனியே சுற்றி, எந்தப் பொம்மைக்கு உரியது என்று எழுதி வையுங்கள். தஞ்சாவூர் ஆட்டப் பொம்மையில் தலை, உடல், பாவாடை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று தாங்கி நிற்கும். அவற்றைப் பிரித்துத் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும்.

கழற்ற முடியாத கைகளைச் சுற்றியுள்ள இடைவெளிகளை நிரப்புங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே, புல்லாங்குழலுக்கும் மார்புக்கும் நடுவே, தோகைக்குப் பின்னால் எல்லா இடத்திலும் டிஷ்யூவைத் தளர்வாகச் சுருட்டி மெல்ல வையுங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். பிறகு நடு உடலைச் சுற்றி ஃபோம் ஷீட்டைப் பல சுற்றுச் சுற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் கையின் அளவையும் தாண்டி அது தடிக்கும்படி செய்யுங்கள். இப்போது பொம்மையை எப்படிப் படுக்க வைத்தாலும் எடையை உடல்தான் தாங்கும், விரல் தாங்காது. இதற்கு மேல்தான் பபிள் ராப், அதுவும் குமிழ்ப் பக்கம் வெளியே பார்த்தபடி. டேப் எந்த இடத்திலும் பொம்மையைத் தொடக் கூடாது. டேப்பின் நுனியைச் சிறிது மடித்து விடுங்கள், பிரிப்பவர் கத்தியைத் தேட வேண்டியிராது.

ஈரக்காற்று இல்லாத நாளில் இதைச் செய்யுங்கள். மழை நாளில் பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடினால் ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். காகிதக்கூழ் பூசணம் பிடிக்கும். பெட்டிக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடலாம், பொம்மையை ஒட்டி அல்ல.

பெட்டிக்குள் பெட்டி

உள்ளே ஓர் அட்டைப்பெட்டி, வெளியே ஐந்தடுக்கு அல்லது ஏழடுக்கு அட்டையில் ஒரு புதுப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விட்டு ஃபோம் துண்டுகளால் நிரப்புங்கள். உள்பெட்டியில் பொம்மைக்குப் பொம்மை அட்டைத் தடுப்பு வேண்டும். கனமானது கீழே. தசாவதாரம், அஷ்டலட்சுமி போன்ற செட்டுகளை இரண்டு பெட்டிகளில் பிரிக்காதீர்கள். ஒரு பெட்டி தொலைந்தால் மற்றதில் இருப்பதும் அரைகுறைதான்.

வைக்கோல் நல்ல மெத்தை. நம் ஊருக்குள் அனுப்பும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டுப் பெட்டியில் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. பூச்சி, விதை பயத்தால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அதைத் தடுத்துவிடும். மரப்பெட்டியில் அனுப்புவதென்றால் அந்த மரம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும்.

மூடும் முன் பெட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்வது கையில் தெரிந்தால் திறந்து மறுபடி நிரப்புங்கள். இதில் தயவே கூடாது. பிறகு எல்லா இணைப்புகளிலும் பிரவுன் டேப் ஒட்டுங்கள்.

கூரியரில்

பெட்டியின் எடையை மட்டும் பார்த்துப் பணம் வாங்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து வரும் கிலோ அதிகமாக இருந்தால் கட்டணம் அதற்குத்தான். 50 செ.மீ. கனசதுரப் பெட்டி 25 கிலோ கணக்காகும். அதற்காக இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள். பொம்மைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். உடையும் பொருளுக்கும் பழம்பொருளுக்கும் இழப்பீடு உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பலரும் தருவதில்லை. குடும்பத்துக்கு மிக அருமையான ஒன்றிரண்டு சிறு பொம்மைகளை, யாராவது ஊருக்கு வந்து திரும்பும்போது விமானத்தில் கைப்பையோடு கொடுத்தனுப்புவதே என் யோசனை. உலோக வேல் இருந்தால் அதை மட்டும் கழற்றி, விமானத்தில் சரக்காகப் போகும் பெட்டியில் போடச் சொல்லுங்கள், பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடப் போகிறார்கள்.

பெற்றுக்கொள்பவருக்கு

பெட்டியின் மேலே ஒரு தாள் வையுங்கள். எத்தனை பொம்மை, எத்தனை தனி உறுப்பு, எந்தப் பொம்மையில் எந்தக் கை மெலிந்தது என்று அதில் எழுதியிருக்கட்டும். குளிர்நாடு என்றால் பெட்டியை வீட்டுக்குள் ஒரு நாள் மூடியபடியே வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த பொம்மையை உடனே வெதுவெதுப்பான அறையில் பிரித்தால் அதன்மேல் நீர் வியர்க்கும். பிரிக்கும்போது கையையோ கிரீடத்தையோ பிடித்து இழுக்காமல் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். சுற்றிய தாள்களை உதறிப் பார்க்காமல் குப்பையில் போடக் கூடாது. ஏதாவது துண்டு உடைந்திருந்தால் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடாமல், முதலில் அப்படியே புகைப்படம் எடுத்துக்கொண்டு, துண்டைச் சிறு உறையில் போட்டு, பொம்மையின் பெயரெழுதி வைக்கச் சொல்லுங்கள்.